வடசென்னைப் பிள்ளைகளுக்கு வெப் டிசைன்: எந்தக் கருவியில் தொடங்குவது?

தண்டையார்பேட்டை மாடி | சனி, இரவு 9.50

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு மொட்டை மாடி ஷெட்டில் ஞாயிறு காலையில் வெப் டிசைன் சொல்லித்தருகிறேன். பிளஸ் ஒன் முதல் கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை 14 பேர் வருகிறார்கள். பணம் வாங்குவதில்லை. பத்து வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், ஆனால் பாடம் நடத்துவது இதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் ஆகிவிட்டது. தப்பான இடத்தில் தொடங்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆபீசில் எல்லாமே திரையை வரைந்து பார்க்கும் ஃபிக்மாவில்தான் ஆரம்பிக்கும், அதனால் இங்கேயும் அதிலேயே ஆரம்பித்தேன். 14 பேரில் லேப்டாப் இருப்பது 4 பேரிடம். அதில் இரண்டு, அண்ணனோ அக்காவோ படித்தபோது அரசு கொடுத்தது. அந்தப் பழைய லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து ஃபிக்மா வருவதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. மீதிப் பத்துப் பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெண் மீன் விற்பனைக்கு ஒரு திரை வரைந்தாள். நிறமும் இடைவெளியும் அவ்வளவு நன்றாக இருந்தன. "அண்ணா, இதை எங்கம்மா போன்ல எப்படித் திறக்கிறது?" என்று கேட்டாள். அவள் அம்மா பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் மீன் விற்பவர். இது வெறும் வரைபடம்தான், கடைப் பக்கமாகத் திறக்காது என்று சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஃபிக்மா, ஆயத்த வடிவங்களை வைத்துத் தளம் கட்டும் வேர்ட்பிரஸ், நோட்பேடில் கையால் எழுதுவது, இப்போது ஏஐ. இவர்களுக்கு எதை முதலில் வைப்பது? சொல்லிக்கொடுத்தவர்கள், கற்றுக்கொண்டவர்கள் இருவருமே பேசுங்கள்.

---

பெரம்பூர் லோகோ | சனி, இரவு 10.35

தம்பி, கையால் எழுதும் எச்.டி.எம்.எல். தான், அதாவது பக்கத்தை அமைக்கும் மொழி. முதல் ஆறு வாரத்துக்காவது வேறு கருவி எதையும் தொடாதீர்கள்.

1991-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. நான் கற்றுக்கொண்ட கருவிகளோ ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஃபிரண்ட்பேஜ் போனது. அசையும் படம் செய்யும் ஃபிளாஷில் இரண்டு வருடம் உழைத்தேன், 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதை நிறுத்திவிட்டது. அப்போதெல்லாம் கூடவே கற்ற எச்.டி.எம்.எல். டேக் மட்டும் இன்றைக்கும் சோறு போடுகிறது.

முதல் ஞாயிறில் நான்கே விஷயம் போதும்: தலைப்பு, பத்தி, படம், இணைப்பு. இவற்றை வைத்து ஒரு முழுப் பக்கம் எழுதிவிடலாம். நிறம், அளவு, இடைவெளி சொல்லும் சி.எஸ்.எஸ்.ஸை இரண்டாவது வாரம் எடுங்கள்.

ஆனால் பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரியை முதல் நாளே போடவையுங்கள். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் உங்கள் பக்கம் சுமார் 980 பிக்சல் அகலம் என்று எண்ணிக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி தெரியும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டும் போட்டும் காட்டுங்கள். நான் கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை இது ஒரு நிமிடத்தில் செய்தது.

இன்னொன்று. 2010-இல் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர், திரைக்கேற்ப மாறும் பக்கத்துக்கு 'ரெஸ்பான்சிவ்' என்று பெயர் வைத்தபோது நாங்கள் எல்லோரும் பெரிய திரைக்குச் செய்ததைச் சின்னத் திரைக்குள் அடக்கத் திண்டாடிக்கொண்டிருந்தோம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கையில் இருப்பதே சின்னத் திரை. அதற்கு எழுதட்டும், அப்புறம் விரிக்கட்டும்.

---

கொருக்குப்பேட்டை வாசகி | ஞாயிறு, காலை 7.10

நான் கற்றுக்கொள்ளும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். வயது 38, வீட்டில் தையல் வேலை.

2021-இல் சீட்டுப் பணம் 28,000 ரூபாயை எடுத்து ஒரு பயிற்சி மையத்தில் கட்டினேன். ஆறு மாத வகுப்பு. அதில் ஒன்றரை மாதம் ஃபிளாஷ் நடத்தினார்கள். மேலே சார் சொன்ன தேதியை இப்போது படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. நான் சேரும் முன்பே செத்துப்போன ஒன்றை எனக்கு விற்றிருக்கிறார்கள். மீதி நாளில் டேபிள் போட்டுப் பக்கத்தைப் பிரிப்பது. அதற்கு இப்போது பயன்படும் கிரிட் என்ற சொல்லே அந்த வகுப்பில் வரவில்லை. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் 2017 மார்ச்சிலேயே கிரிட் வந்துவிட்டது என்பதை அப்புறம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதை எங்கேயும் நீட்ட மனம் வரவில்லை.

எங்காவது பணம் கட்டிச் சேரப் போகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். "உங்களிடம் படித்தவர் செய்த பக்கத்தின் முகவரி ஒன்று கொடுங்கள், இங்கேயே என் போனில் திறக்கிறேன்" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கை கொடுத்தது கணியம் தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கும் மின்னூல்கள்தான். மதியம் மெஷினை நிறுத்திவிட்டுத் தினம் அரை மணி நேரம் படிப்பேன். புரியாத ஆங்கிலத்தில் தடுமாறாமல் விஷயத்தில் மட்டும் கவனம் வைக்க முடிந்தது. பிளவுஸ் தையல் கூலிப் பட்டியலை ஒரே பக்கமாகச் செய்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மாடியில் என் வயதுக்காரர்களுக்கு இடம் உண்டா தம்பி?

---

தண்டையார்பேட்டை மாடி | ஞாயிறு, மதியம் 2.20

அக்கா, கட்டாயம் வாங்க. அடுத்த ஞாயிறு காலை 10 மணி. கூலிப் பட்டியலையும் கொண்டுவாருங்கள், நம் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பாடம்.

லோகோ அண்ணன் சொன்னபடி இன்றைக்கே வியூபோர்ட் வரியை எடுத்தும் போட்டும் காட்டினேன். "ஓ" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஆனால் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. ஒரு பையன் தன் மாமாவின் அச்சகத்திலிருந்து தமிழில் அடித்த விலைப்பட்டியலைக் கொண்டுவந்தான். பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. எங்கே தப்பு?

---

மிண்ட் டி.டி.பி. | ஞாயிறு, மாலை 6.05

இது என் ஏரியா. தங்கசாலையில் 26 வருடமாக டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கோப்பு, செய்கிறேன். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம்.

அந்தப் பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்ததாகத்தான் இருக்கும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். காகிதத்தில் அச்சடிக்க அது போதும். வெப் பக்கத்தில் ஒட்டினால் போர்வை போய்விடுகிறது, உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே தெரிகிறது. கூகுளில் தேடினாலும் அகப்படாது, பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் உளறும்.

உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே கிடைத்துவிட்டது. 2010-இல் தமிழக அரசும் அதைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் எங்கள் தெருவில் பாதிக் கடைகளில் இன்றைக்கும் பாமினிதான், ஏனென்றால் விரல்கள் அந்த விசைக்குப் பழகிவிட்டன. நானும் மாற மூன்று மாதம் பட்டபாடு கொஞ்சம் இல்லை. பையனிடம் சொல்லுங்கள்: பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்திலேயே உண்டு. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபார்க்கவேண்டும், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும். பக்கத்தின் மேலே யு.டி.எஃப்.-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று குறிக்கும் வரியும், மொழி தமிழ் என்று சொல்லும் குறிப்பும் இருக்கட்டும்.

அப்புறம், வடிவமைப்பு என்று பேசுவதால் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஆங்கிலத்தை வைத்து அழகு பார்த்துவிட்டுக் கடைசியில் தமிழைத் திணிக்கிறார்கள். 'லாகின்' மூன்று எழுத்து, 'உள்நுழைக' ஐந்து. 'பதிவிறக்கம்' வந்ததும் பொத்தானுக்கு வெளியே எழுத்து தொங்கும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காமல், எழுத்தைச் சுற்றிப் பேடிங் (உள் இடைவெளி) மட்டும் கொடுக்கவேண்டும். தமிழுக்கு மேலே 'கி', 'கீ' இவற்றின் வளைவும் மெய்யெழுத்தின் புள்ளியும், கீழே 'ழு', 'மூ' இவற்றின் வளைவும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போடும் வரி உயரம் பத்தாது. நான் 1.7-க்குக் கீழே இறங்குவதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் இதெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். நான்கையும் ஒரே பத்தியில் வைத்து அடுத்தடுத்து பார்க்கச் சொல்லுங்கள். எது நெருக்கடி, எது காற்றோட்டம் என்று கண்ணே சொல்லும். அச்சுக் கோக்கிறவனுக்கு அந்தக் கண்தான் தொழில், உங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே வேண்டும்.

---

காசிமேடு 13 | ஞாயிறு, இரவு 11.15

அண்ணா, நான் போனிலேயே கற்றுக்கொண்டவன். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. லேப்டாப் கிடையாது.

ஆண்ட்ராய்டில் ஏகோட் என்று ஓர் எடிட்டர் இருக்கிறது, இலவசம். அதிலேயே எழுதி அதிலேயே பார்க்கலாம். முடித்ததைக் கோப்புகளைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, கிட்ஹப் பேஜஸை இயக்கினால் காசில்லாமல் ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் யாருக்கு அனுப்பினாலும் திறக்கும். அந்த மீன்கார அம்மாவின் பொண்ணுக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

போனில் கஷ்டம் இரண்டு. கோண அடைப்பைத் தேடித்தேடி அடிக்கவேண்டும். பெரிய கோப்பில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அதனால் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் அடிப்பேன். அது நல்ல பழக்கமாகிவிட்டது. நோட்டில் எழுதும்போது எந்த டேக் எதற்குள்ளே என்று உள்தள்ளி எழுதுவதால் மூடாமல் விட்டது உடனே தெரியும்.

எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது பாக்ஸ் மாடல், அதாவது பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியாகக் கணக்கிடும் முறை. மார்ஜின் எது, பேடிங் எது என்று குழம்புவேன். ஒருநாள் அப்பாவோடு ஹார்பரில் மீன் பெட்டி ஏற்றும்போதுதான் பிடிபட்டது. தெர்மகோல் பெட்டிக்குள் மீன் இருக்கிறதே, அது உள்ளடக்கம். மீனைச் சுற்றிப் போடும் ஐஸ், பேடிங். தெர்மகோல் சுவர், பார்டர். வண்டியில் பெட்டிக்கும் பெட்டிக்கும் விடும் சந்து, மார்ஜின்.

இன்னும் இருக்கிறது. சி.எஸ்.எஸ். சும்மா விட்டால் அகலம் என்று நாம் கொடுப்பதை மீனுக்கு மட்டும் கணக்கு வைக்கும். ஐஸையும் சுவரையும் மேலே கூட்டும். பெட்டி பெருத்து வண்டியில் அடங்காது, பக்கம் வலப்புறம் இழுபடும். பார்டர்-பாக்ஸ் என்று கொடுத்துவிட்டால் பெட்டியின் வெளி அளவுதான் கணக்கு. ஐஸ் அதிகமானால் மீனுக்கு இடம் குறையும், பெட்டி அப்படியே இருக்கும். ஹார்பரில் பெட்டியை வெளி அளவில்தான் சொல்வார்கள். அதனால் நான் எந்தப் பக்கம் எழுதினாலும் பார்டர்-பாக்ஸ்தான் முதல் வரி.

---

பெரம்பூர் லோகோ | திங்கள், காலை 6.40

தம்பி காசிமேடு, இத்தனை வருடத்தில் பாக்ஸ் மாடலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கேட்டதில்லை. மாடி தம்பி, அடுத்த ஞாயிறு ஒரு தெர்மகோல் பெட்டியையே கொண்டுவந்து நடுவில் வையுங்கள்.

---

எண்ணூர் ஷிப்ட் | திங்கள், இரவு 8.30

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் ஒரு நேர் கேள்வி. "மீன் கடைக்குப் பக்கம் வேண்டும்" என்று ஏஐயிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் மொத்தமும் வந்துவிடுகிறது. என் மகள் அப்படித்தான் ஒன்று செய்தாள், பார்க்கவும் நன்றாக இருக்கிறது. நோட்டில் டேக் எழுதப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையை வாங்குவது நியாயமா? ஷிப்ட் வேலை பார்த்துப் படிக்கவைக்கிறோம். வேலை கிடைக்கும் வழி எதுவோ அதைச் சொல்லுங்கள்.

---

பெரம்பூர் லோகோ | திங்கள், இரவு 10.50

நியாயமான கேள்வி, சார். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நேர்முகத்துக்கு வருகிற பையனிடம் நான் பெரிய கேள்வி கேட்பதில்லை. அவன் செய்த பக்கத்தையே திறந்து, "இந்த விலை வலப்பக்கம் ஒட்டி வரட்டும், போனில் மட்டும் படத்துக்குக் கீழே போகட்டும்" என்பேன். தானே எழுதியவன் கோப்பைத் திறந்து அந்த இடத்துக்கு நேராகப் போவான். தப்பாக மாற்றினாலும் சரியான இடத்தில்தான் தப்பு செய்வான். வாங்கி ஒட்டியவன் மறுபடி ஏஐயிடமே கேட்பான், அது வேறு எதையாவது சேர்த்து மாற்றும், அங்கே எது போனது என்று இவனுக்குத் தெரியாது. அவனை எடுக்க எனக்கு மனம் இருந்தாலும் கடைக்காரரின் பக்கத்தை நம்பி ஒப்படைக்க முடியாது.

உங்கள் மகளிடம் ஒரு சின்ன வேலை கொடுங்கள். அந்தப் பக்கத்தை வெயிலில், மொட்டை மாடியில் நின்று, வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் திறக்கச் சொல்லுங்கள். ஏஐ கொடுக்கும் பக்கங்களில் வெள்ளை மேல் வெளிர் சாம்பல் எழுத்து நிறையப் பார்க்கிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்று, எல்லோரும் படிக்கும்படி பக்கம் அமைக்கச் சொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி சொல்கிறது. குரோமின் டெவலப்பர் கருவியிலேயே அதை அளக்கலாம். பிறகு படத்தின் எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் எடுத்த படம் மூன்று நான்கு எம்.பி. இருக்கும். ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் அகலத்தை 1200 பிக்சலாக்கி வெப்-பி என்ற எடை குறைந்த பட வடிவுக்கு மாற்றினால் பெரும்பாலும் நூற்றைம்பது கே.பி.க்குள் வந்துவிடும். டேட்டா தீரும் மாதக் கடைசியில் பக்கம் திறப்பதும் திறக்காததும் இதில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் திருத்த அவள் உட்காரும்போது கூடவே ஏஐ இருக்கட்டும். "இந்த வரி என்ன செய்கிறது, தமிழில் சொல்" என்று கேட்கட்டும். அப்படிக் கேட்கிறவள் சீக்கிரம் கற்றுக்கொள்வாள். ஃபிக்மாவும் வேண்டியதுதான், மாணவர்களுக்கு இலவசக் கணக்கும் கொடுக்கிறார்கள். பக்கம் எப்படி நிற்கிறது என்று கை அறிந்த பிறகு ஃபிக்மாவுக்குப் போனால் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

---

எண்ணூர் ஷிப்ட் | செவ்வாய், காலை 5.55

நைட் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று திறந்து பார்த்தேன். விலை தெரியவில்லை. மகளை ஞாயிறு அனுப்புகிறேன். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வந்துவிடுவாள், தண்டையார்பேட்டை ஸ்டேஷனிலிருந்து எப்படி வரவேண்டும் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

---

தண்டையார்பேட்டை மாடி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்லவேண்டும்.

இப்போது 17 பேர். ஃபிக்மாவை ஓரமாக வைத்துவிட்டேன். முதல் நாள் தெர்மகோல் பெட்டி, அதற்குள் நோட்டை மீனாக வைத்துத் துணியை ஐஸாகச் சுற்றினோம். போன்காரர்கள் ஏகோட்டில், லேப்டாப்காரர்கள் விஎஸ் கோடில். நோட்டில் எழுதாமல் யாரும் அடிப்பதில்லை.

கொருக்குப்பேட்டை அக்காவின் கூலிப் பட்டியலை இரண்டாவது வாரம் எடுத்தோம். அவர் டேபிளில் போட்டிருந்தார். பிள்ளைகள் உடனே கிரிட்டுக்கு மாற்றப் பாய்ந்தார்கள். நான் தடுத்தேன். வகை, கூலி, எத்தனை நாளில் கிடைக்கும் என்று வரிசையும் நிரையுமாக இருக்கிற விவரத்துக்கு டேபிள்தான் சரியான டேக். பக்கத்தைப் பிரிக்க டேபிளைப் பயன்படுத்துவதுதான் தப்பு. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் கற்றதில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கு" என்றார். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு டேபிள் சொல்லித்தருவது அவர்தான்.

மீன்காரம்மாவின் பொண்ணு பக்கம் முடித்துவிட்டாள். கிட்ஹப் பேஜஸில் இருக்கிறது. காலையில் அம்மா ஏலத்தில் மீன் எடுத்ததும் போன் செய்வார். இவள் காலேஜுக்குக் கிளம்பும் முன் அன்றைய மீனையும் விலையையும் மாற்றிவிடுவாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மீன் படத்தோடு தலைப்பு தெரிய ஓப்பன் கிராஃப் டேக் போட்டுக்கொடுத்தேன். வழக்கமாக வாங்கும் வீடுகளுக்கு அந்த இணைப்புதான் போகிறது.

அம்மாவிடம் முதலில் காட்டியபோது என்ன சொன்னார் என்று அவளைக் கேட்டேன். மீன் படத்தை அவர் பார்க்கவே இல்லையாம். "வெல எங்கடி?" என்று கேட்டாராம். விலை 14 பிக்சலில் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அன்றைக்கே விலையை 28 பிக்சலாக்கி, தடித்த கறுப்பில், ஒவ்வொரு மீனுக்கும் தனி வரியில் வைத்தாள். "வஞ்சிரம்" என்ற சொல் அகலம் தாண்டி உடையாமல் இருக்கவும் அவளே வழி கண்டுபிடித்தாள். எழுத்தைச் சின்னதாக்கவில்லை, பக்கத்தில் இருந்த அலங்காரக் கோட்டைத் தூக்கிவிட்டாள்.

அடுத்த வேலைக்கு உங்கள் யோசனை வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பக்கம் காலியாகத் தெரிந்தால் வாடிக்கையாளர்கள் கெட்டுப்போன பக்கம் என்று நினைத்துவிடுவார்கள். "மீன் இல்லை" என்று ஒரு பலகை மட்டும் வைத்தால் போதுமா?

---

காசிமேடு 13 | ஞாயிறு, இரவு 10.02

அண்ணா, "மீன் இல்லை" என்று போடவே போடாதீர்கள், அது தப்பு. தடைக்காலத்தில் விசைப்படகுதான் போகாது. ஃபைபர் படகு போகும். வரத்து குறையும், விலை ஏறும், அவ்வளவுதான். பட்டியல் அப்படியே இருக்கட்டும். இரண்டு மூன்று வகைதான் வந்தாலும் பக்கம் வெறிச்சென்று தெரியாதபடி வரிகளுக்கு இடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மேலே, விலைக்கு முன்னால், ஒரு வரி: "இன்று ஃபைபர் படகு மீன். விசைப்படகு மீன் ஜூன் 15-க்குப் பிறகு." கீழே கருவாட்டுக்குத் தனிப் பகுதி. எங்கள் வீட்டிலேயே அப்போது கருவாடுதான் அதிகம் ஓடும். அதற்கு விலை தினம் மாறாது, அதனால் அவள் காலையில் அதைத் தொடவேண்டிய வேலையும் இல்லை.